அரியான்னாவுக்கு ஆறு நாள்

மேற்கத்திய இசை வரலாற்று நூல் எதைத் திறந்தாலும் ஒரு வாக்கியம் வந்துவிடும். பழைய கிரேக்க நாடகத்தை மீட்டெடுக்க ஆசைப்பட்ட புளோரன்ஸ் நகரத்து அறிஞர்கள், பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஓபரா என்ற, கதை முழுவதும் பாடியே நடிக்கப்படும் நாடகத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது அந்த வாக்கியம். பல காலமாக அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. பொய் என்று ஒதுக்கவும் முடியாது. பார்டி பிரபுவின் மாளிகையில் கூடி விவாதித்த குழு, ரோமிலிருந்து ஜிரோலாமோ மெய் என்ற அறிஞர் எழுதி அனுப்பிய நீண்ட கடிதங்கள், 1581-இல் வின்சென்சோ கலிலேயி அச்சிட்ட உரையாடல் நூல் எல்லாமே நடந்தவைதான். பிறகு என்ன உறுத்தல்? அந்த வாக்கியத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள், கவிஞர்கள் இருக்கிறார்கள், செலவு செய்த பிரபுக்கள் இருக்கிறார்கள். மேடையில் நின்றவர்கள் மட்டும் இல்லை.

உறுத்தலைச் சந்தேகமாக வளர்த்துவிட்டவள் என் தோழி ஒருத்தி. கர்நாடக இசையை முறையாகக் கற்றவள், ஓபரா பக்கம் அதிகம் வந்தவள் இல்லை. அவளுக்கு இசையமைப்பாளர் யாகோபோ பெரியின் 'யூரிடிசே'யைப் போட்டுக் காட்டினேன். முழுதாக இன்று நம் கையில் இருக்கும் ஓபராக்களில் அதுதான் மூத்தது. கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டுவிட்டு, "விருத்தம் பாடப்போற மாதிரியே ஆரம்பிக்கிறாங்க, ஆனா ராகத்துக்குள்ள இறங்கவே மாட்டேங்கிறாங்களே" என்றாள். துல்லியமான அவதானிப்பு. அடுத்து, கிளாவுடியோ மான்டெவெர்டி எட்டு வருடம் கழித்து எழுதிய, காதலனால் கைவிடப்பட்ட நாயகி அரியான்னாவின் புலம்பலைப் போட்டேன். அது முடிந்ததும் அவள் கேட்ட கேள்வி வேறு: "இவங்க பாடகியா, நடிகையா?" ஒலிப்பதிவில் இருந்தவர் பாடகிதான். ஆனால் 1608-இல் அந்தப் புலம்பலை முதன்முதலில் மேடையில் பாடியவர் ஒரு நாடக நடிகை. தோழிக்கு அந்தக் கதை எதுவும் தெரியாது. காது சொல்லிவிட்டது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் படிக்க ஆரம்பித்ததில் சேர்ந்தவைதான் இங்கே எழுதுபவை.

பெரியின் அறை

பெரியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மெய்யின் வாதம் சுருக்கமாக இது: கிரேக்கர்களின் துன்பியல் நாடகம் தொடக்கம் முதல் முடிவு வரை பாடப்பட்டது, எல்லோரும் ஒரே மெட்டைப் பாடியதால் அது கேட்டவர்களை உலுக்கியது, நாலைந்து குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பின்னிக்கொள்ளும் தற்கால இசையில் சொல்லும் புரிவதில்லை, உணர்ச்சியும் ஏறுவதில்லை. கலிலேயி (வானியலாளர் கலிலியோவின் தந்தை) இதைக் கூர்தீட்டி நூலாக்கினார். ஆனால் 'ஒற்றைக் குரலில் பாடு' என்று சொல்வது சுலபம். ஒன்றரை மணி நேரக் கதையை ஒற்றைக் குரலில் எப்படி நகர்த்துவது? அதைத் தீர்த்துக் காட்டியவர் பெரி. தன் 'யூரிடிசே'யின் முன்னுரையில் அவரே விளக்குகிறார். நாம் பேசும்போது சில அசைகளில் குரல் நின்று அழுந்துகிறது, மற்றவற்றை வேகமாகக் கடந்துபோகிறது. அழுந்தும் அசை வரும்போது மட்டும் அடித்தள சுரத்தை மாற்றினார். இடையில் குரல் எங்கே அலைந்தாலும், இடறினாலும், அடித்தளத்தை அசையாமல் நிறுத்திவைத்தார். பேச்சின் வேகம் கெடாமல் இசை கூடவே நடந்தது. அடுத்த நூற்றாண்டுகளின் ஓபரா முழுவதும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

யாகோபோ கோர்சி என்ற செல்வந்தரின் வீட்டில் 1598 கார்னிவல் திருவிழாக் காலத்தை ஒட்டி நடந்த 'தாஃப்னே'தான் முதல் முயற்சி. ஒத்தாவியோ ரினூச்சினியின் கவிதை. அதன் இசையில் சில துண்டுகளே மிஞ்சியிருக்கின்றன. 'யூரிடிசே' 1600 அக்டோபர் 6 அன்று பிட்டி அரண்மனையில் நடந்தது. மரியா தெ மெதிச்சிக்கும் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதி. இறந்த மனைவி யூரிடிசேயைப் பாதாளத்திலிருந்து பாடி மீட்கப் போகும் ஆர்ஃபியஸாகப் பெரியே பாடினார், கோர்சி திரைமறைவில் ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை வாத்தியத்தை வாசித்தார், சாவுச் செய்தி கொண்டுவரும் தோழிப் பெண்ணாக லூக்கா நகரத்துச் சிறுவன் ஒருவன் பாடினான். இன்னொரு இசையமைப்பாளரான ஜூலியோ கச்சீனி, தன் ஆட்கள் தன் இசையைத்தான் பாடவேண்டும் என்று அடம்பிடித்ததும், பெரியை முந்திக்கொண்டு அதே கவிதைக்குத் தன் இசையை அச்சேற்றியதும் தனிக் கதை. அந்தத் திருமணத்தின் முதன்மை நிகழ்ச்சியும் 'யூரிடிசே' இல்லை. மூன்று நாள் கழித்து உஃபீட்சி மாளிகையில் பெருங்கூட்டத்தின் முன் நடந்த கச்சீனியின் 'செஃபாலோவின் கவர்தல்'தான் அந்த மரியாதையைப் பெற்றது. பெரியின் படைப்பு ஓர் அறைக்குள், அழைக்கப்பட்ட சிலருக்கு நடந்தது.

என்னை யோசிக்கவைப்பது அதன் முதல் காட்சி. 'துன்பியல்' என்பவளே பாத்திரமாக மேடைக்கு வருகிறாள். இனி ரத்தமும் கண்ணீரும் பாடமாட்டேன், இன்றைய மணவிழாவுக்காக இனிமையாகப் பாடுகிறேன் என்கிறாள். சொன்னபடியே ஆர்ஃபியஸ் எந்த நிபந்தனையும் இல்லாமல் மனைவியை மீட்டுக்கொண்டு திரும்புகிறான். கிரேக்கத் துன்பியலை உயிர்ப்பிக்கப் புறப்பட்டவர்கள் அரங்கேற்றிய நாடகம், துன்பியலைக் கதவருகே நிறுத்திவிட்டுத் தொடங்குகிறது. கல்யாண வீட்டில் வேறு வழி இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கருவி தயாராகிவிட்டது, அதைக் கொண்டு செய்யவேண்டிய காரியம் இன்னும் செய்யப்படவில்லை என்றே அதைக் கேட்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

1589-இன் இன்னொரு பாதி

இதற்குப் பதினோரு வருடம் முன்னால் போகவேண்டும். 1589 மே மாதம், அதே புளோரன்ஸில், ஃபெர்டினாண்டோ தெ மெதிச்சிக்கும் லொரேனின் கிறிஸ்டினுக்கும் திருமணம். ஓபராவின் முன்கதையில் இந்த விழாவுக்கு எப்போதும் இடம் உண்டு. நாடகத்தின் அங்கங்களுக்கு நடுவே வரும்படி பார்டி திட்டமிட்ட ஆறு இசை இடைக்காட்சிகள், மேடை வடிவமைப்பாளர் பூன்தலென்தி அமைத்த மேகங்களும் கடலும் நரகமும், டால்பினின் முதுகில் தப்பிய பாடகன் அரியோனாக இளைஞர் பெரி பாடியது எல்லாம் விரிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

அதே விழாவில் நடந்த இன்னொன்று அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. 'ஜெலோசி' நாடகக் குழுவின் இசபெல்லா அந்த்ரேயினி நடித்த பைத்தியக் காட்சி. கொம்மேதியா தெல்லார்த்தே என்ற இத்தாலிய நகைச்சுவை நாடக வகை என்றால் முகமூடிக் கோமாளிகள் மட்டுமே நினைவுக்கு வருவது நம் வழக்கம். அந்தக் குழுக்களில் முகமூடி அணியாத காதல் நாயகிகளும் இருந்தார்கள். காவியமும் கவிதையும் படித்தவர்கள், வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள். இசபெல்லா தானே கவிதை நூல் வெளியிட்டவர். அன்று காதலனை இழந்து புத்தி பேதலித்த பெண்ணாக வந்து, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தாவினார், நடுவே பிரெஞ்சுப் பாட்டுப் பாடினார், தன் குழுவில் உள்ள மற்ற நடிகர்கள் ஒவ்வொருவரின் கொச்சையையும் மாற்றி மாற்றிப் பேசினார், கடைசியில் தெளிந்து எழுந்தார். பார்த்தவர் ஒருவர் அதை வியந்து எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. மணமகள் கிறிஸ்டினுக்கு அந்தப் பாட்டுகள் மிகவும் பிடித்துப்போனதாம்.

பார்டியின் இடைக்காட்சிகளும் இசபெல்லாவின் காட்சியும் ஒரே மாதத்தில், ஒரே விழாவில் நடந்தவை. ஒன்றில் இசையின் பிரமாண்டம். மற்றதில் தனியாக நிற்கும் ஒரு பெண், நொடிக்கு நொடி மாறும் மனநிலை, அதோடு மாறும் குரல். ஓபராவுக்கு இரண்டும் தேவைப்பட்டன. வரலாறு முதலாவதற்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தது.

மாந்துவா

1607 பிப்ரவரி 24 அன்று வட இத்தாலிய நகரமான மாந்துவாவின் அரண்மனையில் மான்டெவெர்டியின் 'ஓர்ஃபேயோ' நடந்தது. இன்று உலக மேடைகளில் வழக்கமாக நடத்தப்படும் ஓபராக்களில் மிகப் பழையது என்று அதைத்தான் சொல்கிறோம். ஒரு கல்விச் சங்கத்தின் உறுப்பினர்கள் முன்னால் நடந்தது. பெண் பாத்திரங்களையும் காஸ்ட்ராட்டோ பாடகர்களே (உயர்ந்த குரல் மாறாமலிருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்ட ஆண்கள்) பாடினார்கள் என்பது பரவலான கருத்து. அதில் ஒரு இடம் உண்டு. பாதாள ஆற்றைக் கடக்க ஆர்ஃபியஸ் படகோட்டி கரோனின் முன் தன் திறமை முழுவதையும் கொட்டிப் பாடுகிறான். அச்சுப் பிரதியில் அந்தப் பாட்டுக்கு இரண்டு வரிகள்: வெறும் மெட்டு ஒன்று, அதையே அலங்கரித்துப் பாடும் விதம் இன்னொன்று. வயலின்கள் பதில் சொல்கின்றன, கார்னெட்டுகள் சொல்கின்றன, யாழ் சொல்கிறது. கேட்டு முடித்த கரோன், நன்றாக இருந்தது, ஆனால் இரக்கம் என் தொழிலுக்கு ஆகாது என்கிறான், பிறகு தூங்கிவிடுகிறான். ஆர்ஃபியஸ் படகைத் தானே செலுத்திக் கடக்கிறான். இசையின் வித்தை அத்தனையும் காட்டினாலும் கேட்பவன் மனம் இளகாமல் போகலாம் என்பதை மான்டெவெர்டி தன் முதல் ஓபராவின் நடுவிலேயே வைத்திருப்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்த வருடம் செப்டம்பரில் அவர் மனைவி கிளாவுடியா இறந்தார். துக்கத்தில் கிரெமோனாவில் இருந்தவரை மாந்துவா உடனே திரும்ப அழைத்தது. இளவரசர் ஃப்ரான்செஸ்கோ கொன்சாகாவின் திருமணத்துக்கு இன்னொரு ஓபரா வேண்டும். இம்முறை கவிதை எழுதியவர் ரினூச்சினி, தலைப்பு 'அரியான்னா'. தீசியஸுக்காக வீட்டையும் நாட்டையும் விட்டுவந்து, நக்ஸோஸ் தீவில் அவனால் கைவிடப்படும் பெண்ணின் கதை. நாயகியாகப் பாடவிருந்தவர் கத்தெரீனா மார்த்தினெல்லி, பதினெட்டு வயது. ரோமிலிருந்து சிறுமியாக அழைத்துவரப்பட்டு மான்டெவெர்டியின் வீட்டிலேயே தங்கி, அவரிடமே பயின்றவர். 1608 மார்ச் தொடக்கத்தில் பெரியம்மை கண்டு அவரும் இறந்துபோனார். ஆறு மாதத்துக்குள் மான்டெவெர்டிக்கு நெருக்கமானவர்களில் இரண்டாவது சாவு. அந்த நாட்களின் அவசரம் தன்னைக் கொன்றே போட்டிருக்கும் என்று சுமார் இருபது வருடம் கழித்தும் ஒரு கடிதத்தில் மான்டெவெர்டி எழுதுகிறார்.

பாடகிகளைத் தேடினார்கள். கடைசியில் பாத்திரம் போய்ச் சேர்ந்த இடம் நாடகக் குழு. விர்ஜீனியா ரம்போனி அந்த்ரேயினி, மேடைப் பெயர் 'லா ஃப்ளோரிந்தா'. இசபெல்லாவின் மருமகள். பாத்திரம் முழுவதையும் அவர் ஆறு நாளில் கற்றுக்கொண்டார் என்று அரசவையைச் சேர்ந்த ஒருவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதற்குச் சற்று முன்னால், பிப்ரவரி கடைசியில், மாந்துவா கோமகள் 'அரியான்னா' ரொம்ப வறட்சியாக இருக்கிறது, கொஞ்சம் செழுமைப்படுத்துங்கள் என்று ரினூச்சினியிடம் சொன்ன செய்தியும் ஒரு கடிதத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சில ஆய்வாளர்கள், அந்தப் புகழ்பெற்ற புலம்பலே விர்ஜீனியா வந்த பிறகு, அவருடைய பலத்தைப் பார்த்துச் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். இதை மறுப்பவர்களும் உண்டு. நான் அதை ஏற்கும் பக்கம். காரணம் அந்தப் பாட்டின் உடம்பிலேயே இருக்கிறது.

"என்னைச் சாக விடுங்கள்" என்று தொடங்குகிறது. குரல் அரைச்சுரம் மட்டும் ஏறுகிறது, தாங்க முடியாமல் சரிகிறது. பிறகு "ஓ தெசேயோ, என் தெசேயோ" என்று தீசியஸுக்கு அழைப்பு; கெஞ்சல், நினைவூட்டல், உன் வீட்டில் உனக்கு விருந்து நடக்கும், என்னை இங்கே விலங்குகள் தின்னும் என்ற குத்தல். அவன் பதில் சொல்லவில்லை என்றதும் வெடிக்கிறாள். புயலே, காற்றே, கடல் விலங்குகளே, அவனை ஆழத்துக்கு இழுத்துப் போங்கள் என்று சபிக்கிறாள். குரல் எகிறுகிறது, சொற்கள் மூச்சுவிடாமல் ஓடுகின்றன. அந்த உச்சியில் சட்டென்று நிற்கிறாள். ஐயோ, நான் என்ன பேசுகிறேன்? பேசியது நானில்லை, என் வேதனை பேசியது, வலி பேசியது. நாக்கு பேசியது, நெஞ்சு பேசவில்லை.

பல வருடமாக நான் திரும்பத் திரும்பக் கேட்கும் இடம் இதுதான். சாபத்துக்கும் இந்த வரிக்கும் நடுவே இருப்பது ஒரு மூச்சு. அதற்குள் ஒரு பெண் தன்னைத் தானே வெளியிலிருந்து பார்த்துப் பயந்து, உள்ளே திரும்பி வந்துவிடுகிறாள். இதை அலங்காரத்தால் செய்ய முடியாது. குரல்வளம் மட்டும் போதாது. எந்தச் சொல்லில் வேகம் எடுப்பது, எந்தச் சொல்லில் கால் தடுக்குவது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். மருமகள் தன் மாமியாரின் கலையிலிருந்து கற்றது இதுவாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்: நொடிக்கு நொடி வேறொருத்தியாவது. பெரி பேச்சுக்கு இசைக் கூடு செய்து கொடுத்தார். அந்தக் கூட்டுக்குள் பேசத் தெரிந்தவர் மாந்துவாவில் வந்து நின்றார்.

1608 மே 28 அன்று அரங்கேற்றம். பார்வையாளர்கள் 6000 பேர் என்று விழாவைப் பதிவு செய்த ஃபெதெரிகோ ஃபொல்லீனோ பெருமையோடு எழுதுகிறார். அலைகள் நடுவே பாறையில் நின்று விர்ஜீனியா பாடியபோது கண்ணீர் சிந்தாத பெண்மணி ஒருத்தியும் அங்கில்லை என்றும் எழுதுகிறார். விழாக் குறிப்புகள் மிகைப்படுத்தும்தான். ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்த ஓபராவின் இசை முழுவதும் தொலைந்துவிட்டது. புலம்பல் மட்டும் தப்பித்தது. தனித் தாளாகப் பிரதி எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போனது. ஹார்ப்சிகார்டோ, தியோர்போ என்ற தந்தி வாத்தியமோ வைத்திருந்த எந்த வீட்டிலும் அரியான்னாவின் புலம்பல் இல்லாமல் இருந்ததில்லை என்று அக்கால இசையமைப்பாளர் செவேரோ போனினி எழுதிவைத்தார். மான்டெவெர்டியே அதை ஐந்து குரல் மாட்ரிகலாக (பல குரல்கள் சேர்ந்து பாடும் பாட்டு) 1614-இல் மறுபடி வெளியிட்டார். முதிய வயதில் லத்தீன் சொற்கள் போட்டு அன்னை மரியாளின் புலம்பலாக மாற்றினார். 

காற்று பேசுமா?

1616 டிசம்பரில், வெனிஸில் சான் மார்க்கோவின் இசைத் தலைவராக இருந்த மான்டெவெர்டிக்கு மாந்துவாவிலிருந்து ஒரு கவிதை வந்தது. கடல் தேவதைகளும் காற்றுகளும் நிறைந்த திருமணக் காட்சி. அவர் பதில் எழுதினார். காற்றுகள் பேசுவதில்லையே, அவற்றின் பேச்சை நான் எப்படி இசையில் பிடிப்பேன்? அவற்றைக் கொண்டு மனத்தை எப்படி அசைப்பேன்? அரியான்னா பெண் என்பதால் நம்மை அசைத்தாள், ஆர்ஃபியஸ் மனிதன் என்பதால் அசைத்தான், காற்று என்பதால் இல்லை. இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். மெய்யும் கலிலேயியும் ஆயிரம் பக்கம் எழுதித் தேடிய விடையை அவர் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறார். சொல்வதற்கு அவரிடம் மேடை அனுபவம் இருந்தது.

இன்னும் பதினோரு வருடம் கழித்து, 1627-இல், பைத்தியமாக நடிக்கும் லிக்கோரி என்ற பெண்ணைப் பற்றிய ஓபராவை எழுதத் திட்டமிட்டார். அது மேடை ஏறவே இல்லை. அதைப் பற்றிய கடிதங்கள் மட்டும் இருக்கின்றன. பைத்தியத்தின் பேச்சில் முன்பும் இல்லை, பின்பும் இல்லை, அந்தக் கணம் மட்டுமே உண்டு; ஆகவே இசை வாக்கியத்தின் பொருளைப் பிடித்துக்கொண்டு போகாமல் ஒவ்வொரு சொல்லாகப் பிடிக்கவேண்டும் என்கிறார். போர் என்ற சொல் வந்தால் போர், அமைதி என்றால் அமைதி, சாவு என்றால் சாவு. இதைப் படித்ததும் எனக்கு 1589-இன் இசபெல்லாதான் நினைவுக்கு வந்தார்.

1637-இல் வெனிஸில் என்ன நடந்தது என்பது ஓபராவில் ஆர்வமுள்ள எல்லோருக்கும் தெரியும்: சான் கசியானோ அரங்கம், கட்டணம் கொடுத்தால் யாரும் நுழையலாம் என்ற புது ஏற்பாடு, ஃபெர்ராரியும் மானெல்லியும் சேர்ந்து போட்ட 'ஆண்ட்ரோமெடா'. என் வாதத்துக்குத் தேவையான ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதைப் போட்டது ஊர் சுற்றும் ஒரு பாடகர் குழு. மானெல்லியின் மனைவி மத்தாலேனாதான் நாயகி. த்ரோன் குடும்பத்தின் அந்த அரங்கமும் முன்பு நகைச்சுவை நாடகக் குழுக்கள் ஆடிய இடம். ஓபரா பொதுமக்களிடம் வந்தபோது நடிகர்களின் வீட்டு வழியாகத்தான் வந்தது. மூன்று வருடத்தில் சான் மொய்ஸே அரங்கம் ஓபராவுக்குத் திறந்தபோது, முதலில் ஏறியது முப்பத்திரண்டு வயதான 'அரியான்னா'.

1641-இல் 'தேயாத்ரோ நோவிஸ்ஸிமோ'வின் தொடக்க ஓபரா 'லா ஃபிந்தா பட்ஸா'. அக்கிலீஸ் தன்னை விட்டுப் போருக்குப் போகாமல் தடுக்கப் பைத்தியமாக நடிக்கும் தெய்தாமியாவாக, ரோமிலிருந்து வந்த அன்னா ரென்ஸி பாடி வெனிஸையே தன் பக்கம் திருப்பினார். இரண்டு வருடம் கழித்து மான்டெவெர்டியின் கடைசி ஓபரா 'பொப்பேயாவின் முடிசூட்டு'. அதில் நீரோவால் தள்ளிவைக்கப்பட்டு நாடு கடத்தப்படும் ஒத்தாவியா, ரென்ஸியின் பாத்திரம். "ரோமே, போய்வருகிறேன்" என்று சொல்ல வருகிறாள். சொல் வெளியே வரவில்லை. முதல் அசையிலேயே குரல் திக்குகிறது, மறுபடி, மறுபடி, பிறகுதான் முழுச் சொல். ஒரு நடிகை மேடையில் செய்யக்கூடிய ஒன்றை அப்படியே சுரத்தாளில் எழுதிவைத்திருக்கிறார் எழுபத்தைந்து வயதுக் கிழவர். 1644-இல் கவிஞர் ஜூலியோ ஸ்ட்ரோட்ஸி, ரென்ஸியைப் புகழ்வதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அவர் மௌனமாக இருந்து மற்றவர்களின் நடத்தையைக் கவனித்துக்கொள்வதையும், மேடையில் சொற்கள் மனப்பாடமாக ஒலிக்காமல் அப்போதே பிறப்பதுபோல வருவதையும் அந்த நூல் பாராட்டுகிறது.

இத்தனைக்கும் பிறகும் என் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் பிடித்திருப்பது மிச்சமான ஒரு துண்டு. 'அரியான்னா'வின் கவிதை அச்சில் இருக்கிறது. இசை 1640-இல் வெனிஸில் கையில் இருந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு தடம் இல்லை. அது எங்காவது ஒரு ஆவணக் கிடங்கில் கிடைத்தால், நான் முதலில் பார்க்க விரும்புவது புலம்பலை இல்லை. தீசியஸும் அவன் ஆலோசகனும் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்று இருக்கிறது, அவளை விட்டுப் போகலாம் என்று முடிவெடுக்கும் இடம். அவை பயிற்சி பெற்ற அரசவைப் பாடகர்கள் பாடியிருக்கக்கூடிய வரிகள். அங்கேயும் மான்டெவெர்டி ஒவ்வொரு சொல்லுக்கும் அப்படித் திரும்பியிருந்தால், எல்லாம் அவருடைய மேதைமை, விர்ஜீனியா அதற்குக் கிடைத்த குரல் என்று ஒப்புக்கொள்வேன். அங்கே பெரியின் பாணியில் அடித்தளம் அசையாமல் நிற்க, பேச்சு சமமாக நடந்துபோய், அவள் பாறையில் வந்து நின்றதும் மட்டும் இசை வேறாகிறது என்றால், தொடக்கத்தில் சொன்ன அந்த வரலாற்று வாக்கியத்தைத் திருத்தி எழுதச் சொல்லி நான் சண்டை போடுவேன்.